அந்தப் பிள்ளையின் கால் போட்டோவை முதலில் அழியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வாசிக்க நேரமில்லாதவர்கள் தலைப்பில் உள்ள வேலையை மட்டும் செய்துவிட்டுப் போனாலும் எனக்குப் போதும்.

செவ்வாய்க்கிழமை இஷாவுக்குப் பிறகு ஊர் வட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு படம் வந்தது. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் அதே படம் ஐந்து குழுக்களில் இருந்து என் போனுக்கு வந்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் இரண்டு கால்கள். முழங்காலுக்குக் கீழே குண்டூசியால் குத்தினது போல சிவப்புப் புள்ளிகள். தொடையில் நீலமாகக் கண்டிப்போன இரண்டு இடங்கள். அதற்குக் கீழே டயக்னோசிஸ் கார்ட். பிள்ளையின் முழுப் பெயர், வாப்பாவின் பெயர், வீட்டு இலக்கம் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. "அவசரம். பிளேட்லட் ஒன்பதாயிரம். ஐடிபி என்ற கொடிய நோய். ஓ பொசிட்டிவ் உள்ளவர்கள் உடனே வாருங்கள். அதிகம் பகிருங்கள்."

அதற்குக் கீழே எங்கள் ஊரின் மருத்துவ சபை கூடியிருந்தது. ஒருவர் டெங்கு என்று முடிவு கட்டி, பப்பாசி இலைச் சாறு மூன்று வேளை என்றார். இன்னொருவர், "இது பிளட் கேன்சர்ட முதல் கட்டம், மகரகமைக்குக் கொண்டு போங்க" என்று எழுதினார். ஒருவர் ஹிஜாமா செய்தால் கெட்ட இரத்தம் போய்விடும் என்று போன் நம்பரும் போட்டிருந்தார். ஒரு சகோதரி, "உம்மா அடிச்சிருப்பா, சும்மா இப்பிடிக் கண்டுமா?" என்று கேட்டிருந்தார். கடைசியாக ஒருவர், "இந்தப் புள்ள எந்தக் குடும்பம்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று வருடத்தில் இந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது அதே கேள்வியை இதே படத்தோடு யாராவது கொண்டு வருவார்கள். போன்களில் எதுவும் அழிவதில்லை.

நான் வைத்தியர் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். ஆனால் ஐடிபி என்ற சொல்லை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. என் வகுப்பில் இருந்த ஒரு மாணவி மூலம்தான் படித்தேன். அவளுடைய கதையைக் கீழே சொல்கிறேன், அவளிடம் அனுமதி கேட்டுத்தான். அவளுக்குப் பிறகு இந்த நோயைப் பற்றி நிறைய வாசித்தேன், கேட்கக் கூடிய வைத்தியர்களிடம் கேட்டேன். அதில் எனக்கு விளங்கியது இதுதான்: இந்த நோய் விடயத்தில் எங்கள் ஊர் பதறுகிற இடமும் பிழை, வாய் திறக்காமல் இருக்கிற இடமும் பிழை. சின்னப் பிள்ளைக்கு நம்பர் குறைந்தால் ஊரே ஓடுகிறோம். குமர்ப் பிள்ளைக்கு இரண்டு கிழமையாக இரத்தம் நிற்காமல் போனால் வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கிறோம்.

முதலில் அந்த ஒன்பதாயிரத்தை எடுப்போம்.

எங்கள் இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு பிள்ளைகளுக்கே தெரியும். பிளேட்லட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சுகமாக உள்ளவருக்கு ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும். காயம் பட்டால் ஓடிப் போய் ஓட்டையை அடைப்பது இவைதான். என்பு மச்சையில் உருவாகி, ஏழு முதல் பத்து நாள் வரை உயிரோடு இருந்து, பிறகு அழிந்து போகின்றன.

ஐடிபியில் நடப்பது என்ன? நோய்க் கிருமிகளைப் பிடிப்பதற்காக உடம்பு பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. சிலருக்கு அந்தப் பிறபொருளெதிரிகள் ஆளை மாற்றிப் பிடிக்கின்றன. சொந்தப் பிளேட்லட்டையே அந்நியன் என்று அடையாளம் வைத்துவிடுகின்றன. மண்ணீரல் அந்த அடையாளத்தைக் கண்டு பிளேட்லட்டைப் பிடித்து அழிக்கிறது. பத்து நாள் வாழ வேண்டியது சில மணித்தியாலத்தில் முடிந்து போகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு சாதாரண காய்ச்சல் தடிமன் வந்து போய் ஓரிரு கிழமையில் இது வரும். பிள்ளை ஓடி விளையாடும், சாப்பிடும், சிரிக்கும். காலில் மட்டும் சிவப்புப் புள்ளி. கண்ணாடிக் கிளாஸை வைத்து அழுத்திப் பார்த்தாலும் மறையாத புள்ளி. நுளம்புக் கடி என்றால் அழுத்தும்போது வெளிறும்.

இது தொற்றாது. இது பிளட் கேன்சரின் முதல் கட்டமும் இல்லை, நாளைக்குக் கேன்சராக மாறுவதும் இல்லை. வேறு நோய் ஏதும் இருக்கிறதா என்று வைத்தியர்கள் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பார்கள், அது அவர்கள் வேலை. எங்கள் ஊரில் மகரகம என்றாலே கேன்சர்தான் என்று ஆகிவிட்டது. அதனால் இரத்த நோய்களுக்கான விசேட வைத்தியரிடம் எந்த ஊர் கிளினிக்குக்கு அனுப்பினாலும் வீட்டில் ஜனாஸா விழுந்தது போல அழுகை தொடங்குகிறது.

இந்த நோயைப் பற்றி மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதை வகுப்பில் நான் ஒவ்வொரு வருடமும் சொல்லுவேன். சிலபஸில் இல்லை. பரவாயில்லை.

இந்தப் புள்ளி நோயை ஜெர்மனியில் வெர்ல்ஹொஃப் என்ற வைத்தியர் 1735 இலேயே எழுதி வைத்தார். ஆனால் இருநூறு வருடத்துக்கு மேலாகப் பிளேட்லட் ஏன் குறைகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தொழிற்சாலை பழுதா, அல்லது உற்பத்தியாகி வெளியே வந்த பிறகு யாரோ அழிக்கிறார்களா? 1950 இல் அமெரிக்காவில் சென்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் ஹெரிங்டன் என்ற இளம் வைத்தியர் ஒரு வேலை செய்தார். ஐடிபி உள்ள ஒரு பெண்ணின் இரத்தத்தை எடுத்துத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். மூன்று மணித்தியாலத்தில் அவருடைய பிளேட்லட் அதல பாதாளத்துக்கு இறங்கியது. வலிப்பு வந்தது. உடம்பெல்லாம் புள்ளி. நாலு நாள் அப்படியே கிடந்து ஐந்தாம் நாள்தான் வழமைக்கு வந்தார். அவருடைய நெஞ்செலும்பில் ஊசி குத்தி மச்சையை எடுத்துப் பார்த்தார்கள். தொழிற்சாலை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் இரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்றுதான் அவருடைய பிளேட்லட்டையும் அழித்திருக்கிறது. அடுத்த வருடம் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அதுவரை காரணம் தெரியாத நோய் என்று பெயர் வைத்திருந்தவர்கள் மெல்ல மெல்ல மாறினார்கள். 2009 இல் உலக நிபுணர்கள் கூடி, ஐடிபியின் முதல் எழுத்துக்கு "காரணம் தெரியாத" என்றிருந்த பொருளை எடுத்துவிட்டு "நிர்ப்பீடனம் சார்ந்த" என்று மாற்றினார்கள்.

தன்னையே சோதனைக்குக் கொடுத்த அந்த மனிதனை நினைத்தால், பார்வர்ட் பொத்தானை அழுத்திவிட்டு உதவி செய்ததாகப் படுக்கப் போகிற எங்களை நினைத்து வெட்கமாக இருக்கிறது.

சரி, அந்த ஆய்வில் இருந்து ஒரு விடயம் நேரடியாக விளங்க வேண்டும். அந்தப் பெண்ணின் பிறபொருளெதிரி ஹெரிங்டனின் பிளேட்லட்டை மூன்று மணித்தியாலத்தில் அழித்தது என்றால், நீங்கள் ஓடிப் போய்க் கொடுக்கிற பிளேட்லட்டை என்ன செய்யும்? அதையும் அழிக்கும். அதனால்தான் ஐடிபியில் சும்மா நம்பரைக் கூட்டுவதற்காகப் பிளேட்லட் ஏற்றுவதில்லை. உயிருக்கு ஆபத்தான இரத்தப் போக்கு இருந்தால் மட்டும், மற்ற மருந்துகளோடு சேர்த்து ஏற்றுவார்கள். அப்போதும் இரத்தத்தைத் தேடுவது இரத்த வங்கியின் பொறுப்பு. இந்த நாட்டில் 2014 முதல் இரத்தம் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களிடம் இருந்துதான் வருகிறது. "ஆள் கொண்டு வந்தால்தான் இரத்தம்" என்ற காலம் போய்விட்டது. இரத்தம் கொடுக்க விருப்பமா, மாஷா அல்லாஹ், முகாம் வைக்கிற நாளில் போய்க் கொடுங்கள். அதற்கு ஒரு குழந்தையின் கால் எதற்கு?

இந்தப் பதற்றம் எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2017. நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவான வருடம். நானூறுக்கு மேல் மௌத்து. அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் மூத்தம்மாமாருக்கும் பிளேட்லட் என்ற சொல் தெரியும். ஒவ்வொரு நாளும் ரிப்போட்டைப் பார்த்து, நேற்று எண்பது, இன்றைக்கு ஐம்பது என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் டெங்கில் கூட ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த நம்பர் இல்லை. இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து வெளியேறி, இரத்த அழுத்தம் விழுவதுதான். வைத்தியர்கள் கண் வைத்திருப்பது அதில். நாங்கள் நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டோம். இப்போது பிளேட்லட் குறைகிற எந்த நோயாக இருந்தாலும் டெங்கின் சட்டையைப் போட்டு விடுகிறோம்.

பப்பாசி இலையைப் பற்றிச் சண்டை பிடிக்க விருப்பமில்லை. டெங்கு நோயாளிகளிடம் சில சின்ன ஆய்வுகள் செய்திருக்கிறார்கள், எண்ணிக்கை கொஞ்சம் கூடியதாகவும் சொல்கிறார்கள். டெங்கில் எப்படியும் ஒரு கிழமையில் பிளேட்லட் தானாக ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐடிபியில் பிரச்சினை பிறபொருளெதிரி. அந்தச் சாற்றைக் குடித்து அது ஆளை அடையாளம் மாற்றிப் பிடிப்பதை நிறுத்தும் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையின் வாயைப் பிடித்து அந்தக் கசப்பை ஊற்றி, பிள்ளை வாந்தி எடுத்து, அந்த வாந்தியில் இரத்தம் இருக்கிறதா என்று பயந்துகொண்டு இரா முழுக்க முழிப்பது யார்? நம்பர் போட்டவர் இல்லை.

ஹிஜாமாவுக்கு மட்டும் நான் சண்டை பிடிப்பேன். ஹிஜாமா சுன்னத்து, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தோலைக் கீறி இரத்தம் எடுப்பது. இரத்தம் உறைவதற்கே ஆளில்லாத ஒரு உடம்பில் கீறுவது சுன்னத்து ஆகுமா? பிளேட்லட் குறைந்தவருக்குப் பல்லுப் பிடுங்குவதற்கும், சதையில் ஊசி போடுவதற்கும் வைத்தியர்கள் ஆயிரம் தரம் யோசிக்கிறார்கள். ஹிஜாமா செய்கிற சகோதரர்களே, ஒரு ஆளின் முதுகைத் திறக்க முன்னர் உடம்பில் காரணமில்லாமல் கண்டுகிறதா, முரசில் இரத்தம் வருகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கத்னா செய்ய முன்னரும் பெற்றோர் இதைச் சொல்ல வேண்டும், ஒஸ்தா மாமாவோ டொக்டரோ யாராக இருந்தாலும்.

அப்போ என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். இதுதான் எங்கள் ஊருக்கு ஆகக் கஷ்டமான பதில்: பெரும்பாலான சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான் சிகிச்சை. தோலில் புள்ளியும் கண்டலும் மட்டும் இருந்து, வேறு இரத்தப் போக்கு இல்லை என்றால், நம்பர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மருந்தில்லாமல் கவனித்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் இன்றைய உலக வழிகாட்டல். ஏறக்குறைய ஐந்தில் நாலு பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. மூளையில் இரத்தம் கசிவது போன்ற பாரதூரமான ஆபத்து நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மருந்து நம்பரைக் கெதியாகக் கூட்டும், ஆனால் நோய் போகிற நாளை முன்னுக்குக் கொண்டு வராது. வைத்தியர் பார்ப்பது பிள்ளையை, ரிப்போட்டை இல்லை.

இதைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் எங்கள் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? "ஒண்டும் செய்யல்ல, சும்மா அனுப்பிட்டானுகள்." உடனே தனியார் வைத்தியசாலை, அங்கிருந்து கொழும்பு, வேன் வாடகை, கடன். வாடகைக் காசுக்கு உம்மாவின் சோடிக் காப்பு.

வைத்தியசாலைப் பக்கமும் குற்றம் இருக்கிறது, அதை மறைத்து எழுத மாட்டேன். டயக்னோசிஸ் கார்டில் மூன்று ஆங்கில எழுத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, "கவனமாப் பாருங்க" என்று இரண்டு சொல்லில் அனுப்பினால் ஒரு உம்மாவுக்கு என்ன விளங்கும்? சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற கிளினிக்கில் தலையை ஆட்டிவிட்டு வருகிற எத்தனை வாப்பாமாரை நான் கண்டிருக்கிறேன். விளக்கம் கிடைக்காத இடத்தில்தான் வட்ஸ்அப் டொக்டர் கதிரையைப் போட்டு உட்காருகிறார். ஐந்து நிமிடம் தமிழில் சொல்ல ஒரு தாதியை வைக்க முடியாதா? அபிவிருத்திக் குழுவில் இருக்கிற பெரிய மனிதர்கள் பெயின்ட் அடிக்கிறதுக்குக் காசு சேர்க்கிற நேரம் இதையும் கேட்கலாம்.

நம்பிக்கை இல்லாமல் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2020 இலும் 2021 தொடக்கத்திலும் எங்கள் ஜனாஸாக்களை எரித்ததை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இம்யூனோகுளோபியூலின் விவகாரம். அது என்ன மருந்து தெரியுமா? ஆயிரக்கணக்கானோரின் இரத்தத் திரவத்தில் இருந்து எடுக்கிற, ஐடிபியில் கடும் இரத்தப் போக்கு வரும்போது நாளத்தில் ஏற்றுகிற அதே மருந்து. 1980களின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தில் போல் இம்பாக் என்ற வைத்தியர் ஐடிபி பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் உலகத்துக்கு அது தெரிய வந்தது. அந்த மருந்தின் பெயரில் தரமற்ற குப்பிகள் எங்கள் அரச வைத்தியசாலைகளுக்கு வந்தது 2023 இல் அம்பலமானது. அது தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். விடயம் நீதிமன்றத்தில். கோபம் வரத்தான் வேண்டும், எனக்கும் வருகிறது. அந்தக் கோபத்தைக் கொண்டு போய் மருந்துக் கொள்முதலைக் கேள்வி கேட்க வேண்டும், எங்கள் எம்பிமாரை நிறுத்திக் கேட்க வேண்டும். கோபத்துக்குப் பிள்ளைக்கு இலைச் சாறு ஊற்றுவதால் கொழும்பில் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

இனி மறுபக்கம். இதை எழுதத்தான் எனக்குக் கை தயங்கியது.

சில வருடங்களுக்கு முன்னர் என் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். முன் வாங்கில் இருப்பவள், கெட்டிக்காரி. ஒரு தவணையில் இடைவேளைக்குப் பிறகு மேசையில் தலை வைக்கத் தொடங்கினாள். முகம் வெளிறிப் போயிருந்தது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி என்றால் ஒதுங்கி நிற்பாள். ஒரு நாள் கையை உயர்த்தி எழுதும்போது புஜத்தில் கையளவு நீலக் கண்டல். நானும் அந்தக் கமெண்ட் போட்ட சகோதரி நினைத்ததைத்தான் நினைத்தேன்: வீட்டில் அடிக்கிறார்கள். உம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவரிடம் ஒரு மாதிரியாகத்தான் பேசினேன். அந்த மனுசி அழுதுகொண்டே சொன்னார், "அடிக்கல்ல டீச்சர். இது பெண்புள்ளட விசயம். பெரிசாக்காதீங்க, நாளைக்குக் கலியாணம் பேசணும்."

அடிக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் கேட்கத்தான் வேண்டும், அதில் பிழையில்லை. ஆனால் முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. உம்மா சொன்னதைக் கேட்டு நானும் வாயை மூடினேன். நானும் பெண்தானே, எனக்கும் வெட்கம்.

மூன்று மாதம். ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டு நாள், பதினான்கு நாள். கருஞ்சீரகம் கொடுத்தார்கள், ஓதிப் பார்த்த தண்ணி கொடுத்தார்கள், வயிற்று வலிக்குப் பாமசியில் மெபெனமிக் அசிட் வாங்கிக் கொடுத்தார்கள். பிளேட்லட் குறைந்தவருக்கு அந்த மாதிரி வலி மாத்திரை, அஸ்பிரின், டிஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இருக்கிற கொஞ்சப் பிளேட்லட்டையும் அவை வேலை செய்ய விடாது. பெனடோல் வேறு வகை, அது பரவாயில்லை. பாமசிக்காரருக்கு அவளுடைய கண்டல் தெரியாது, உம்மாவுக்கு மாத்திரையின் குணம் தெரியாது. ஆய்வுகூடத்தில் என் கண் முன்னால் விழுந்தாள். வைத்தியசாலையில் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஐந்தரை, பிளேட்லட் பதினோராயிரம்.

அவள் பிழைத்தது அல்லாஹ்வின் அருள், அடுத்தது அன்றிரவு கடமையில் இருந்த வைத்தியர்கள். பிறகு ஒரு நாள் வார்டில் என்னிடம் கேட்டாள்: "வெள்ளை யூனிஃபோமுக்குள்ள ரெண்டு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தனான் டீச்சர், உங்களுக்கு ஒருநாளும் விளங்கல்லயா?"

பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்த நோய் சின்னப் பிள்ளைகளுக்குப் போலச் சும்மா போவது குறைவு. நிறையப் பேருக்கு நாள்பட்டு நிற்கும். பெண் பிள்ளைகளில் முதல் அடையாளம் பெரும்பாலும் மாதவிடாயில்தான் தெரியும். எங்கள் வீடுகளில் வாய் திறக்காத ஒரே இடமும் அதுதான்.

ஒரு உம்மா என்னிடம் சொன்னார், "பதினைஞ்சு நாள் வரைக்கும் ஹைளு தானே டீச்சர், கிதாபுலயே இரிக்கி." ஆம், ஷாபிஈ மத்ஹபில் ஹைளின் ஆகக் கூடிய காலம் பதினைந்து நாள். அது தொழுகைக்கும் நோன்புக்குமான சட்டத்தின் எல்லை. உடம்பு எவ்வளவு இரத்தத்தை இழந்தால் தாங்கும் என்பதற்கான எல்லை இல்லை. ஏழு நாளைத் தாண்டிப் போனாலோ, ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ வைத்தியரிடம் போக வேண்டும். மார்க்கத்தில் வெட்கம் என்று சொல்கிறோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் இரத்தம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடவா என்று ரசூலுல்லாஹ்விடமே (ஸல்) நேரில் போய்க் கேட்டார்கள். அது ஹைளு இல்லை, ஒரு நரம்பில் இருந்து வருவது என்று பதில் கிடைத்தது. புகாரியில் இருக்கிறது. அந்தப் பெண் நபியிடம் கேட்டதை எங்கள் பிள்ளை உம்மாவிடம் கேட்க முடியாமல் இருக்கிறது. மதரஸாவில் இஸ்திஹாளா பாடத்தைக் குளிப்பு முறையோடு முடிக்காமல், "இப்படி வந்தால் இரத்தம் பரிசோதிக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லும்படி ஆலிமாக்களை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மாத்திரை பற்றி ஒன்று. பெரியவர்களுக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் பிரட்னிசலோன், ஸ்டீரொயிட் வகை. முகம் ஊதும், பசி கூடும், கோபம் வரும், சீனி ஏறலாம். அதனால்தான் கொஞ்சக் காலத்துக்கு மட்டும் கொடுத்துக் குறைத்துக்கொண்டு வருவார்கள். என் மாணவிக்கு முகம் ஊதினதைப் பார்த்து ஒரு சாச்சி, "இது குடிச்சாப் புள்ள பெற ஏலா" என்று சொல்லி மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டார். ஸ்டீரொயிட்டைத் திடீரென்று நிறுத்துவது அதுவே ஒரு ஆபத்து. பிளேட்லட் மறுபடி இறங்கி, மறுபடி வார்டு. இந்த மருந்து பிடிக்காவிட்டால் வேறு மருந்துகள் இருக்கின்றன, என்பு மச்சையை உசுப்பிப் பிளேட்லட் கூட்டுகிற மாத்திரை 2008 முதல் உலகத்தில் பாவனையில் இருக்கிறது, சிலருக்கு மண்ணீரலை எடுக்கிறார்கள். எது யாருக்கு என்று சொல்வது சாச்சி இல்லை. நோன்பு காலத்தில் மாத்திரை நேரத்தை மாற்றவும் வைத்தியரைக் கேளுங்கள். நோயாளிக்கு வேறு நாளில் நோற்க அனுமதி தந்தது அல்லாஹ், அதை வாங்குவதற்கு ஊரின் சம்மதம் தேவையில்லை.

அந்த மாணவி இப்போது கலியாணம் முடித்து ஒரு பிள்ளைக்கு உம்மா. கர்ப்ப காலம் முழுக்கக் கிளினிக்கில் கவனமாகப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு நோயின் பெயரை நேரடியாகச் சொல்லித்தான் முடித்தார்கள். ஒரு இடம் அதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது இடம் போகவில்லை. ஐடிபி உள்ள பெண்கள் பெரும்பாலானோர் வைத்தியர்களின் கவனிப்பில் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். காரணமில்லாமல் கண்டுகிற, முரசில் இரத்தம் வருகிற, மூக்கில் அடிக்கடி இரத்தம் வழிகிற பிள்ளையைக் கண்டால் பெற்றோரைக் கூப்பிட்டு எஃப்பிசி ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அரச வைத்தியசாலையில் காசில்லாமல் எடுக்கலாம். நோய் இருக்கிற பிள்ளையை வகுப்பில் தனியாக இருத்த வேண்டாம். தலையில் அடிபடுகிற விளையாட்டும் கடின பந்துக் கிரிக்கெட்டும் மட்டும் நம்பர் ஏறும் வரை வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டாலோ, கடும் தலையிடியோடு வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ, வாய்க்குள் இரத்தக் கொப்புளம் வந்தாலோ, மூக்கில் இரத்தம் இருபது நிமிடம் பிடித்தும் நிற்காவிட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் அதே நிமிடம் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அதிபர் வரும் வரைக்கும் பார்க்க வேண்டாம், முச்சக்கர வண்டியைப் பிடியுங்கள்.

நேற்று அந்தப் பிள்ளையின் உம்மாவை ஒரு தெரிந்தவர் மூலம் போனில் பிடித்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறது, வார்டில் கார்ட்டூன் பார்க்கிறது, ஓரிரு நாளில் வீட்டுக்கு விடுவார்களாம். மருந்து ஒன்றும் இல்லை, கிழமைக்கொரு தரம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பயப்படுவது நோய்க்கு இல்லை. வார்டுக்கு இரத்தம் கொடுக்க என்று வந்த ஆட்கள் பிள்ளையின் சட்டையை உயர்த்திக் காலைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முன்பின் தெரியாத நம்பர்களில் இருந்து இரா ஒரு மணிக்கும் கோல் வருகிறது. ஒருவர் மருந்து விற்க, இன்னொருவர் வீட்டில் யாருக்காவது இந்த வருத்தம் முதலில் இருந்ததா என்று விசாரிக்க. "போட்டோ போட்டது எங்கட சொந்தக்காரர்தான் டீச்சர், நல்ல மனசோடதான் போட்டார், நான் என்னத்தச் சொல்ல?" என்று கேட்டார்.

அவரால் சொல்ல முடியாததால் நான் சொல்கிறேன். குழு அட்மின்மார் இன்றைக்கு மஃரிபுக்கு முன்னர் அந்தப் படத்தையும் கார்டையும் "எல்லோருக்கும் அழி" என்பதைக் கொடுத்து எடுத்துவிடுங்கள். உங்கள் போன் கலரியிலும் இருக்கும், அங்கேயும் பாருங்கள். இந்தப் பதிவைப் பகிர்வதானால் அந்தப் படத்தை இதோடு சேர்த்துப் போடாதீர்கள். கமெண்டில் யாரும் பிள்ளையின் பெயரைக் கேட்டால் நான் அழித்துவிடுவேன், கோபிக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.